பிரித்துப் பார்த்து அறிந்தவர் ஜி.டி. நாயுடு

கெடா மாநிலத்தில் மெர்போக் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ளது தஞ்சோங் டாவாய். மீன்பிடிப் படகுகளுக்கும் நெத்திலிக்கும் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள சிறு படகாயினும், தோட்டத்துச் சாலையில் செல்லும் மோட்டார் சைக்கிளாயினும், பெட்ரோலில் ஓடும் இயந்திரம் திடீரென நின்றுவிட்டால் தொழில் தெரிந்தவர் முதலில் ஒரு சிறு பாகத்தைத் தேடுவார். இயந்திரத்தின் தலைப்பகுதியில் திருகப்பட்டிருக்கும் அதனைக் கழற்றி, துணியால் துடைப்பதற்கு முன்பே அதன் நுனியை உற்றுப் பார்ப்பார். அதுதான் தீப்பொறிச் செருகி. பட்டறைகளில் அதைப் பிளக் என்பார்கள். விரல் நீளமே உள்ள அந்தப் பாகம் இயந்திரத்தின் உள்ளே நடப்பதை வெளியே காட்டிவிடும்.

பிரித்துப் பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது, பிறகு முடிவுக்கு வருவது என்பது பட்டறைகளில் உள்ள பழக்கம். அப்பழக்கத்தையே தம் வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஒருவர் தமிழ்நாட்டில் வாழ்ந்தார். பள்ளிப் படிப்பை இளமையிலேயே கைவிட்ட அவர், பிற்காலத்தில் இந்தியாவின் எடிசன் என்று போற்றப்பட்டார். அவர்தாம் கோயம்புத்தூரைச் சேர்ந்த கோபால்சாமி துரைசாமி நாயுடு. மக்கள் அவரை ஜி.டி. நாயுடு என்றே அறிவர்.

ஜி.டி. நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் மாதம் 23ஆம் நாள், கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மிக இளம் வயதிலேயே தாயை இழந்தார். பள்ளியில் அமர்ந்து பாடம் கேட்பதில் அவருக்கு விருப்பம் இல்லை. ஆசிரியர் சொன்னதைத் திரும்பச் சொல்வதைவிட, தாமே ஒன்றைத் தொட்டுப் பார்த்து அறிவதிலேயே அவர் மனம் சென்றது. தொடக்கப் பள்ளியின் சில வகுப்புகளோடு அவருடைய படிப்பு நின்றுபோனது. ஆனால், படிக்கும் ஆர்வம் நிற்கவில்லை. வயல் வேலைக்கு இடையே கிடைத்த நூல்களைத் தாமாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் அவருடைய ஊர்ப்பக்கம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாட்டு வண்டிகளையே பார்த்துப் பழகிய இளைஞருக்கு அது பெரும் வியப்பாக இருந்தது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. வண்டி மட்டும் ஓடுகிறது. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று மற்றவர் நினைத்திருக்கலாம். நாயுடுவுக்கோ அது எப்படி ஓடுகிறது என்று அறிய வேண்டும் என்னும் எண்ணமே மேலோங்கியது. அப்படி அறிவதற்கு அந்த வண்டி அவருடைய கைக்கு வர வேண்டும். அதற்குப் பணம் வேண்டும்.

அவர் கோயம்புத்தூருக்குச் சென்று ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். கிடைத்த கூலியைச் செலவழிக்காமல் சிறுகச் சிறுகச் சேர்த்தார். ஏறத்தாழ 300 ரூபாய் சேர்ந்ததும் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். அந்தக் காலத்தில் ஓர் உணவகத் தொழிலாளிக்கு அது பெருந்தொகை. அவ்வளவு உழைத்து வாங்கிய வண்டியில் ஊர் சுற்றுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அதன் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார், ஒவ்வொன்றும் எதற்காக இருக்கிறது என்று ஆராய்ந்தார், மீண்டும் பொருத்தினார். கழற்றிய வண்டி மறுபடியும் ஓடாமல் போயிருந்தால் அவருடைய சேமிப்பு முழுவதும் வீணாகியிருக்கும். ஆயினும், தெரிந்துகொள்ள வேண்டும் என்ற வேட்கை அந்த அச்சத்தை வென்றது. அந்த வண்டியே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயிற்று.

அத்தகைய வண்டியைப் பிரிப்பவர் அறிந்துகொள்ளும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நுழைகின்றன. மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் அக்கலவையை அழுத்துகிறது. சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி தோன்றினால் கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். அந்தத் தள்ளுதலே சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தப் பொறியைத் தருவது தீப்பொறிச் செருகி. அதன் நுனியில் இரண்டு உலோக முனைகள் உள்ளன. அவற்றிற்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி பறக்கிறது.

இந்த அமைப்பும் பலருடைய சோதனைகளால் உருவானதே. 1860ஆம் ஆண்டிலேயே லெனுவார் என்பவர் பாரிசில் தாம் உருவாக்கிய எரிவாயு இயந்திரத்தில் மின்பொறியைப் பயன்படுத்தினார். ஆனால், வேகமாக ஓடும் வண்டிகளுக்கு நம்பகமான பொறி கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. செருமனியின் இசுடுட்கார்ட் நகரில் இராபர்ட் போசு நடத்திய பட்டறையில், ஓனோல்ட் என்னும் பொறியாளர் 1902ஆம் ஆண்டு உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற தீப்பொறிச் செருகியையும் உருவாக்கினார். மேக்னெட்டோ என்பது இயந்திரம் சுழலும்போதே மின்சாரத்தை உண்டாக்கித் தரும் காந்தக் கருவியாகும். அதற்குத் தனியாக மின்கலம் தேவையில்லை. நாயுடுவின் இளமைக்காலத்தில் சாலைக்கு வந்த மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் இம்முறையில்தான் ஓடின.

தீப்பொறிச் செருகியைச் சோதிக்கும் முறையும் எளியதே. நுனி இளம்பழுப்பு நிறத்தில் இருந்தால் இயந்திரம் நலமாக உள்ளது என்று பொருள். கரிபோல் கறுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதியாகச் சேர்கிறது. எண்ணெய்ப் பசையுடன் ஈரமாக இருந்தால் தேய்ந்த பிஸ்டன் வளையத்தைத் தாண்டி எண்ணெய் மேலே ஏறுகிறது. வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தால் இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெண்பீங்கான் பகுதியில் விரிசல் இருந்தால் மின்சாரம் நுனிக்குச் செல்லாமல் வழியிலேயே கசிந்துவிடும். நான்கு உருளைகள் உள்ள வண்டி திணறி ஓடினால், பழைய தொழிலாளர்கள் ஒவ்வொரு செருகியாக மின்னிணைப்பைத் துண்டித்துப் பார்ப்பார்கள். துண்டித்தவுடன் இயந்திரத்தின் ஓசை தளர்ந்தால் அந்த உருளை அதுவரை வேலை செய்தது என்று பொருள். எந்த உருளையில் துண்டித்தும் மாற்றம் இல்லையோ, அதுவே பழுதானது. உயர் மின்னழுத்தமும் பெட்ரோல் ஆவியும் உள்ள இடமாதலால் இச்சோதனையைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். குறையை ஊகத்தால் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சோதித்துக் கண்டறிவதே இம்முறையின் சிறப்பு.

மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கும் திறன் பெற்ற நாயுடு, பருத்தித் தொழிலிலும் ஈடுபட்டுப் பொருள் ஈட்டினார். ஆனால், பம்பாய் சென்று செய்த பருத்தி வணிகத்தில் ஈட்டியதை எல்லாம் இழந்தார். வெறுங்கையுடன் ஊர் திரும்பியவர் மனம் தளரவில்லை. கோயம்புத்தூரில் தொழில் நடத்திவந்த இராபர்ட் இசுடேன்சு என்னும் ஆங்கிலேயர் அவருடைய உழைப்பையும் திறமையையும் அறிந்து உதவ முன்வந்தார். அவருடைய உதவியால், தவணை முறையில் பணம் செலுத்தும் ஏற்பாட்டில் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். 1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது. அதனை ஓட்டியவரும் அவரே.

ஒரு வண்டி பலவாயிற்று. அவர் நடத்திய நிறுவனத்தில் 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 பேருந்துகள் இருந்தன. அக்காலப் பேருந்துகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஓடியவை. ஒரு வண்டிக்கு நான்கு செருகிகள் என்று கொண்டாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செருகிகள் நாள்தோறும் தவறாமல் பொறி தர வேண்டும். அவற்றுள் ஒன்று பழுதானாலும் ஒரு பேருந்து மேட்டில் ஏற முடியாமல் திணறும். சந்தைக்குப் போகும் உழவரும், மருத்துவரைத் தேடிப் போகும் நோயாளியும், பழனி மலைக்குப் போகும் பக்தரும் வழியில் தவிப்பார்கள். எனவே, வண்டி நின்ற பிறகு பழுதுபார்ப்பதைவிட, நிற்பதற்கு முன்பே சோதித்து அறிவது இன்றியமையாதது. நாயுடுவின் பேருந்துகள் நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்றிருந்தன. அந்தப் பெயருக்குப் பின்னால் பட்டறையில் நடந்த இடைவிடாத கவனிப்பு இருந்தது.

பேருந்துத் தொழிலில் எழுந்த சிக்கல்களே அவரைப் புதிய கருவிகளை உருவாக்கத் தூண்டின. இயந்திரத்தின் அதிர்வைச் சோதித்தறியும் கருவி ஒன்றை அவர் அமைத்தார். இயந்திரத்தின் பாகம் ஒன்று தேய்ந்தாலோ தளர்ந்தாலோ, உருளை ஒன்றில் பொறி விழாமல் போனாலோ, அதன் அதிர்வு மாறும். அனுபவம் மிக்க தொழிலாளி கையை வைத்துப் பார்த்தும் காதால் கேட்டும் உணர்வதை ஒரு கருவியால் அளந்து காட்ட முடியும் என்பது அவருடைய எண்ணம். ஒருவருடைய கைப்பழக்கமாக மட்டும் இருக்கும் திறமையை, எவரும் கற்றுக்கொள்ளக்கூடிய அறிவாக மாற்றுவதில் அவர் நாட்டம் கொண்டிருந்தார்.

1932ஆம் ஆண்டில் அவர் முதன்முறையாக ஐரோப்பாவுக்குச் சென்றார். பின்னர்ப் பலமுறை வெளிநாடுகளுக்குப் பயணம் செய்தார். சென்ற இடங்களில் காட்சிகளைப் பார்ப்பதோடு நில்லாமல் தொழிற்சாலைகளுக்குள் சென்று இயந்திரங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதைக் கண்டறிந்தார். படம் எடுப்பதிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. 1936ஆம் ஆண்டு இலண்டனில் ஐந்தாம் சார்ச்சு மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கருவியால் படமெடுத்தார். செருமனியில் அவர் உருவாக்கிய ரேசண்ட் என்னும் மின்சாரச் சவரக் கருவி உலர் மின்கலத்தால் இயங்கியது.  அதனைத் தொடர்ந்து மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் எனப் பல பொருள்களை உருவாக்கினார்.

1930களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு மின்சாரம் கிடைக்கத் தொடங்கியது. ஆலைகள் பெருகின. உழவர்கள் கிணற்று நீரை மின்சாரத்தால் இறைக்க விரும்பினர். ஆனால், அதற்குத் தேவையான மோட்டார்கள் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தன. இந்நிலையை மாற்ற விரும்பிய நாயுடு, பாலசுந்தரம் நாயுடு என்னும் பொறியாளருடன் இணைந்து முயன்றார். அதன் பயனாக 1937ஆம் ஆண்டு இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் மின்மோட்டார் கோயம்புத்தூரின் பீளமேட்டில் பிறந்தது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று மோட்டார்களுக்கும் நீரேற்றுப் பொறிகளுக்கும் கோயம்புத்தூர் இந்தியா முழுவதும் பெயர் பெற்றிருப்பதற்கு அன்று இட்ட அந்த விதையும் ஒரு காரணம்.

எளிய மக்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதை நாயுடு மறக்கவில்லை. 1941ஆம் ஆண்டில் ஐந்து வால்வு கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று காட்டினார். 1952ஆம் ஆண்டில் இருவர் அமர்ந்து செல்லக்கூடிய சிறிய மகிழுந்தை வடிவமைத்தார். அதன் விலை 2000 ரூபாய்தான். சாதாரணக் குடும்பத்தினரும் மகிழுந்து வாங்கலாம் என்ற நம்பிக்கையை அது அளித்தது. ஆனால், அதனைத் தொழிற்சாலையில் செய்து விற்க அரசின் உரிமம் தேவைப்பட்டது. அந்த உரிமம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஓடக்கூடிய வண்டி ஒன்று கண்முன்னே இருந்தும் அது மக்களைச் சென்றடையவில்லை.

இத்தகைய தடைகள் அவரை மிகவும் வருத்தின. சோதனையில் வெற்றி பெற்ற ஒரு பொருள், தாளில் உள்ள விதிகளால் முடங்கிப் போவதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. தொழில்முனைவோர் மீது விதிக்கப்பட்ட கடுமையான வரியை எதிர்த்துத் தாம் உருவாக்கிய பொருள்கள் சிலவற்றை மக்கள் முன்னிலையிலேயே உடைத்தெறிந்தார். பாடுபட்டுச் செய்ததை உடைப்பது தகுமா என்று பலர் வருந்தினர். உருவாக்கியவருக்கே அந்த வலி மிகுதியாக இருந்திருக்கும். எனினும், தம் மனக்குறையை நாட்டுக்கு உணர்த்த அவர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தார்.

கல்வியைப் பற்றியும் அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. 1945ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் தோன்ற அவர் பெரும் நன்கொடை அளித்தார். அன்றைய சென்னை மாநில ஆளுநர் ஆர்தர் ஓப்பின் பெயரால் அவை அழைக்கப்பட்டன. நாயுடுவே அங்கு முதல்வராகப் பொறுப்பேற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர் ஒரு தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வரானது வியப்புக்குரியது. மாணவர்களை நான்கு ஆண்டுகள் வகுப்பில் அமர்த்துவது தேவையற்றது என்றும், பட்டறையில் நேரடியாகப் பயிற்றுவித்தால் குறைந்த காலத்திலேயே கற்றுத் தேறலாம் என்றும் அவர் வாதிட்டார். அரசு அதனை ஏற்கவில்லை. கொள்கையை விட்டுக்கொடுக்க விரும்பாத நாயுடு பதவியை விட்டு விலகினார். அக்கல்லூரி வளர்ந்து இன்று கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அது முன்பு இருந்த பகுதியை மக்கள் இன்றும் ஓப்பு காலேசு என்றே அழைக்கின்றனர்.

அவருடைய கருத்து முழுவதும் சரியா என்று கேட்டால், இரு பக்கமும் உண்மை உண்டு. பாலம் கட்டுவதற்கும் மின்நிலையம் அமைப்பதற்கும் நீண்ட காலக் கல்வி தேவை. அதே வேளையில், தீப்பொறிச் செருகியைப் படத்தில் மட்டும் பார்த்த மாணவரால் நின்றுபோன வண்டியை ஓட வைக்க இயலாது. நூலறிவும் கையறிவும் ஒன்றையொன்று தேடிச் சேர வேண்டும். இன்று நம் நாட்டில் தொழிற்கல்லூரிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் பட்டறைப் பயிற்சிக்கு மிகுந்த இடம் தருகின்றன. நாயுடு அன்று கேட்டதும் அத்தகைய இடத்தைத்தான்.

இயந்திரங்களை ஆராய்ந்த அதே ஆர்வத்துடன் அவர் செடிகளையும் ஆராய்ந்தார். தம் தோட்டத்தில் பருத்தி, பப்பாளி, சோளம் ஆகியவற்றில் பல சோதனைகளைச் செய்தார். மனிதரைவிட உயரமாக வளர்ந்த பருத்திச் செடிகளைக் காண அறிவியலாளர்கள் அவருடைய தோட்டத்துக்கு வந்தனர். நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் அவருடைய பன்முகத் திறமையைப் பெரிதும் பாராட்டினார். பிறர் அறிவைப் பெருக்க வேண்டும் என்ற நோக்கத்தில், கருவிகளையும் கண்டுபிடிப்புகளையும் மக்கள் நேரில் பார்க்கக் கோயம்புத்தூரில் நிலையான தொழிற் கண்காட்சியையும் அமைத்தார்.

ஜி.டி. நாயுடு 1974ஆம் ஆண்டு சனவரி மாதம் 4ஆம் நாள் மறைந்தார். கோயம்புத்தூரில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்தில் அவருடைய கருவிகளை இன்றும் காணலாம். அதன் அருகிலுள்ள மகிழுந்து அருங்காட்சியகத்தில் பல நாடுகளின் பழைய வண்டிகள் பாதுகாக்கப்படுகின்றன. 2025ஆம் ஆண்டு கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கும் அவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

நாயுடு பெற்ற வெற்றிகள் பல. அடைந்த ஏமாற்றங்களும் பல. வணிகத்தில் பணத்தை இழந்தார். வடிவமைத்த மகிழுந்துக்கு உரிமம் கிடைக்கவில்லை. நிறுவிய கல்லூரியிலிருந்து விலகினார். ஆயினும், ஒரு தோல்விக்குப் பின் அடுத்த சோதனையைத் தொடங்க அவர் தயங்கியதே இல்லை. பழுது எங்கே என்று அறிய ஒவ்வொரு பாகமாகச் சோதிக்கும் தொழிலாளிக்கு வேண்டியவை இரண்டு: ஒன்று பொறுமை, மற்றொன்று, தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத நேர்மை. கைத்தொழிலை இழிவாக எண்ணாமல், அவ்விரண்டையும் பழகிக்கொள்ளும் மாணவர் எத்துறையிலும் முன்னேறலாம் என்பதற்கு ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை சான்றாக விளங்குகிறது.